அஃபிலியேட் தொடங்குமுன்: எந்தத் துறை, எந்தப் பொருள்?

பெரம்பூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள், வீட்டிலிருந்தே மாதம் ஏதாவது வந்தால் நல்லது என்று நினைக்கும் பெண்கள் பலர் அஃபிலியேட் மார்க்கெட்டிங் பற்றி விசாரிக்கிறார்கள். எல்லாருமே முதலில் கேட்பது “கணக்கு எப்படித் தொடங்குவது?” என்பதைத்தான். கணக்குத் தொடங்குவது அரை மணி நேர வேலை. எதை விற்கப்போகிறோம் என்று முடிவு செய்யத்தான் நாளாகும். அதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பைசா வராது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

தெரியாதவர்களுக்கு நாலு வரியில்: ஒரு கடையின் பொருளுக்கு உங்கள் பெயரில் ஒரு லிங்க் தருவார்கள். அதை உங்கள் யூடியூப் சேனலிலோ வலைத்தளத்திலோ இன்ஸ்டாகிராமிலோ போடுகிறீர்கள். யாராவது அந்த லிங்க் வழியாகப் போய் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன். பொருளை நீங்கள் வாங்கி அடுக்க வேண்டாம், பார்சல் கட்ட வேண்டாம். அமேசான் 1996இலிருந்து இதை நடத்துகிறது. புதிதாக முளைத்த மாயம் எதுவும் இதில் கிடையாது.

போன் ரிவ்யூ ஆசையை முதலில் ஓரம் கட்டுங்கள்

பத்துப் பேரைக் கேட்டால் ஏழெட்டுப் பேர் “மொபைல் ரிவ்யூ போடலாம்னு இருக்கேன்” என்பார்கள். அவர்கள் யூடியூபில் பார்ப்பது அதைத்தான், ஆசை வருவது இயல்பு. ஆனால் கணக்கு உதைக்கிறது. கடைகள் கைபேசிக்குத் தருவது மிகக் குறைந்த கமிஷன். அதிலும் மாதத்துக்குப் பத்து மாடல் வருகிறது. நீங்கள் வாங்கிப் பார்த்து வீடியோ போடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். வெளியாகும் முன்பே போன் கையில் கிடைக்கும் பெரிய சேனல்களோடு, கடன் வாங்கி போன் வாங்கும் நீங்கள் எப்படிப் போட்டி போடுவீர்கள்? லேப்டாப், டிவி, புளூடூத் இயர்போன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அடுத்த ஆசை, அதிகக் கமிஷன் தருகிற ஆப்கள். டிரேடிங், உடனடிக் கடன், ரம்மி, கிரிக்கெட் பந்தயம், ஒரே மாதத்தில் எடை குறைக்கும் பவுடர். ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் நூற்றுக்கணக்கில் பணம் என்று ஆசை காட்டுவார்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. தண்டனை விளையாட்டை நடத்துபவருக்கு மட்டுமில்லை, விளம்பரம் செய்பவருக்கும் உண்டு: விளம்பரத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பங்குச் சந்தை விஷயத்தில், பதிவு இல்லாமல் ஆலோசனை சொல்கிறவர்களோடு புரோக்கர்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று, சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் விதி கொண்டுவந்தது. எடை குறைப்புப் பவுடரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். நாளைக்கு உங்கள் தெருவில் ஒரு அக்கா அதைக் குடித்துவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் நீங்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. இவை எல்லாவற்றையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

உங்களிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

“உனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடு” என்பார்கள். அரைகுறை யோசனை அது. எனக்குப் பிடித்தது டீ குடித்துக்கொண்டு கடற்கரையில் உட்காருவது. அதற்கு யார் லிங்க் தருவார்கள்? பிடித்தது எது என்பதை விட்டுவிட்டு, எதை வாங்குமுன் உங்களிடம் வந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு இரண்டு வாரம் குறியுங்கள். “அண்ணா, பையனுக்கு எந்த ஷூ வாங்கலாம்?”, “அக்கா, ஆரி ஊசி எந்த நம்பர் வாங்கணும்?”, “தலைவா, மீன் செத்துக்கிட்டே இருக்கு, மோட்டார் மாத்தணுமா?” இப்படி வரும் கேள்விகளை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பின்னால் தலைப்பு வைக்க அந்த வார்த்தைகளே உதவும்.

வடசென்னையில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்த நோட்டு சீக்கிரம் நிரம்பும். இங்கே ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கை பழகிய வேலையோ ஆட்டமோ இருக்கிறது. வியாசர்பாடியில் கால்பந்து, இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகர் அங்கிருந்து வந்தவர். கேரம் என்றால் கேட்கவே வேண்டாம், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். ராயபுரம், புளியந்தோப்புப் பக்கம் குத்துச்சண்டை. வண்ணாரப்பேட்டையில் துணி, தையல், ஆரி வேலை. கொளத்தூரில் வண்ண மீன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோர வீடுகளில் இரும்பென்று எது வைத்தாலும் துருப்பிடிக்கும். அதனால் எந்த அலமாரி, எந்தத் துணிக்கொடி, எந்த கேட் பூட்டு தாங்கும் என்று அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். ஏசி அறையில் உட்கார்ந்து ரிவ்யூ எழுதுபவருக்கு உப்புக் காற்று ஒரு வார்த்தை மட்டுமே.

இவற்றில் எதையும் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் நோட்டில் ஒரே வகைக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதா, அதற்கு யோசிக்காமல் பதில் சொல்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக அமைந்த இடத்தில் உங்கள் துறை இருக்கிறது. ‘நிச்’ என்று இந்தத் தொழிலில் சொல்வது இதைத்தான்.

ஒன்றும் அமையவில்லையா? அப்படியானால் கேள்வி அதிகம் வரும் ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மீன் கடை வைத்திருக்கும் மாமா, கோச் அண்ணன், தையல் வகுப்பு எடுக்கும் சித்தி. அவர் பதில் சொல்லட்டும், நீங்கள் வீடியோ எடுங்கள். வருவதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இதை முதலிலேயே வாய்விட்டுப் பேசிவிடுங்கள், உறவு கெடாது.

பாரிமுனை சோதனை

மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. சென்னை முழுக்கச் சரக்கு வாங்க வருகிற பாரிமுனை (பேச்சில் ‘பாரிஸ்’) வட்டாரம் நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. துணிக்குக் கோடவுன் தெருவும் எம்.சி. ரோடும். காகிதம், பத்திரிகை அட்டைக்கு ஆண்டர்சன் தெரு. சில்லறை எலக்ட்ரானிக் சாமானுக்குப் பர்மா பஜார். நீங்கள் லிங்க் போடும் பொருள் அங்கே பாதி விலைக்குக் கிடைத்தால் வண்ணாரப்பேட்டை ஆள் அதை ஏன் ஆன்லைனில் வாங்கப்போகிறார்? “பாரிஸ் போனா கம்மிக்குக் கிடைக்கும்” என்று உங்கள் வீடியோவுக்குக் கீழேயே எழுதிவிட்டுப் போவார்.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நாள் நேரில் போய் விலை கேட்டு வாருங்கள். மூன்று வகையான பதில் கிடைக்கும். சில பொருள் கடையில்தான் மலிவு, தரமும் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்: துணி, பாத்திரம், கண்ணாடித் தொட்டி. இவற்றை விட்டுவிடுங்கள். சில பொருள் கடையிலும் ஆன்லைனிலும் கிட்டத்தட்ட ஒரே விலை. சில பொருள் கடையில் கிடைப்பதே இல்லை, அல்லது எது அசல் எது போலி என்று தெரியாது. ஆன்லைனில் கம்பெனியின் சொந்தக் கடையே இருக்கும். இந்தக் கடைசி வகையில்தான் உங்களுக்குச் சாப்பாடு.

இரண்டாவது வகையை ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் வீடியோவைப் பார்ப்பவர் எல்லாரும் சென்னைக்காரர் இல்லை. தர்மபுரியிலும் தேனியிலும் இருப்பவருக்குப் பாரிமுனையும் கிடையாது, கொளத்தூரும் கிடையாது. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்து நாலு ரகத்தைத் தொட்டுப் பார்த்த நீங்கள், தொட்டுப் பார்க்க வழியில்லாத அவருக்குச் சொல்கிறீர்கள். வடசென்னையில் இருப்பதால் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான். சென்னைக்காரரிடம் “நீங்கள் இதை நேரில் போய் வாங்குங்கள், இன்னும் மலிவு” என்று நேராகவே சொல்லுங்கள். பத்து ரூபாய் கமிஷன் போகும். நீங்கள் சொல்வதை மற்றவர்கள் நம்புவார்கள்.

துபாய், சிங்கப்பூரிலிருந்து பார்ப்பவர் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். அமேசான் இந்தியா லிங்கில் அவர்கள் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள்.

குறுக்குங்கள், ஆனால் கழுத்தை நெரிக்காதீர்கள்

“செல்லப் பிராணிகள்” என்று எடுத்தால் கடல். “வீட்டு மீன் தொட்டி” கொஞ்சம் பரவாயில்லை. “வாடகை வீட்டில் இரண்டடித் தொட்டி, கரண்ட் போனாலும் மீன் பிழைக்க வேண்டும்” என்றால் அதற்கென்று ஒரு ஆள் உங்களைத் தேடி வருவார். இன்னும் குறுக்கி “சிவப்பு நிறச் சண்டை மீன் மட்டும்” என்று போனால் ஆறாவது வீடியோவுக்கு விஷயம் இருக்காது.

அளவு சரியா என்று பார்க்க எளிய வழி, முப்பது கேள்விகள் எழுதிப் பார்ப்பது. மூச்சு விடாமல் இருபதைத் தாண்டினால் துறை தாங்கும். பன்னிரண்டில் நின்றால் கொஞ்சம் அகலமாக்குங்கள். அப்புறம் அந்தக் கேள்விகளைக் கூகுளிலும் யூடியூபிலும் அடித்துப் பாருங்கள். நீங்கள் பாதி அடிக்கும்போதே கீழே விரியும் வரிகள் எல்லாம் மக்கள் உண்மையில் தேடுபவை. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: நம்மவர்கள் பலர் தமிழைத் தமிழ் எழுத்தில் தேடுவதில்லை, ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள், பட்டியல் வேறு வேறாக வரும். கூகுள் டிரெண்ட்ஸில் தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து எந்த மாதத்தில் தேடல் ஏறுகிறது என்று பார்க்கலாம்.

தேடலில் முதல் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? பெரிய ஆங்கிலத் தளங்களும், அவற்றைத் தமிழில் மாற்றிப் போட்ட கட்டுரைகளும் மட்டும் இருந்தால் நல்ல சகுனம். மொழிபெயர்த்த கட்டுரையில் நம் ஊர் வெயிலும் தண்ணீரும் இருக்காது. நாலைந்து நல்ல தமிழ் சேனல்கள் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தால் வேறு கோணம் தேடுங்கள். யாருமே இல்லையென்றால் குதிக்க வேண்டாம். அதை யாரும் வாங்குவதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

பொருள் பொறுக்கும் விதம்: ஒரு மீன் தொட்டியை வைத்து

கொளத்தூர் பக்கம் இருப்பவர் மீன் தொட்டியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீனை லிங்கில் விற்க முடியாது. தொட்டியையும் விற்க முடியாது, வழியில் உடையும், நேரில் மலிவு. மீதி இருப்பவைதான் நம் பொருள்கள்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி சுமார் 55 லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரை நாலைந்து தடவை சுற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் மணிக்கு 220 முதல் 280 லிட்டர். டப்பாவில் “1000 லிட்டர்” என்று எழுதிய பெரிய மோட்டாரை வாங்கிப் போட்டுக் குட்டி கப்பி மீனைச் சுழலில் சிக்க வைக்கிறவர்கள் எத்தனை பேர்! இந்த ஒரு கணக்கைத் தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டு, அந்த அளவில் இரண்டு மூன்று ஃபில்டருக்கு லிங்க் கொடுத்தால் போதும். மீன் குஞ்சு வளர்ப்பவருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதற்கு ஒரு ஏர் பம்பு.

அடுத்து ஹீட்டர். வெளிநாட்டுப் பட்டியல்களில் ஹீட்டர் கட்டாயம் இருக்கும். சென்னையில் பெரும்பாலான மீன்களுக்கு, வருடத்தின் பெரும்பகுதியில் அது தேவையே இல்லை. நமக்கு மே மாதம்தான் எமன். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். ஆகவே கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்பு நம் ஊருக்கு ஹீட்டரைவிட நூறு மடங்கு அவசியம். மொழிபெயர்ப்புக் கட்டுரையில் இது இருக்காது, உங்களுடையதில் இருக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், அதை முறிக்கும் மருந்து வேண்டும். போர் தண்ணீர் பிடிக்கிறவருக்கு வேறு கவலை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பல காலமாக எல்லாரும் அறிந்தது. அவருக்கு உப்பளவு காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் உதவும். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் அம்மோனியாதான் காரணம். கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் வளர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். “கடைக்காரர் ஏமாத்திட்டாரு, சீக்கு மீன் குடுத்துட்டாரு” என்று கோபத்தோடு தேடுகிறவருக்கு இதைச் சொல்லி, அம்மோனியா டெஸ்ட் கிட் எது என்று காட்டினால் அவர் வாங்குவார், உங்கள் பெயரையும் மறக்கமாட்டார்.

மருந்து, தீனி, ஃபில்டர் பஞ்சு எல்லாம் தீர்ந்துபோகிறவை. மறுபடி வாங்கியாக வேண்டும். தொட்டிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் அரண்மனையை ஒரு தடவைதான் வாங்குவார்கள். உங்கள் பட்டியலில் முதல் வகை பாதியாவது இருக்கட்டும்.

மற்ற துறைகளுக்கும் இதே விதம்தான். கால்பந்து எடுத்தால், நீளமான கட்டைகள் கொண்ட ஷூ புல்தரைக்கானது, நம் கட்டாந்தரைக்கும் வாடகை டர்ஃபுக்கும் (செயற்கைப் புல்) சின்ன ரப்பர் முனைகள் கொண்ட டர்ஃப் ஷூதான் சரி என்பது வியாசர்பாடிப் பையனுக்குத் தெரியும், மதுரையில் பிள்ளைக்கு முதல் ஷூ வாங்கும் அப்பாவுக்குத் தெரியாது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 4ஆம் சைஸ் பந்து, அதற்கு மேல் 5 என்பதும் அப்படியே. கேரமில் ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதிகாரபூர்வ போர்டின் ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். “பெரிய போர்டு” என்று போட்டு ஆன்லைனில் விற்கும் பல போர்டுகள் அதைவிடச் சிறியவை. அளவு நாடா வைத்து அளந்து காட்டினாலே ஒரு நல்ல வீடியோ.

விலை, கமிஷன், கூடை

இப்போதுதான் கமிஷனைப் பார்க்க வேண்டும். முதலில் பார்த்திருந்தால் புத்தி அதன் பின்னாலேயே போயிருக்கும்.

அமேசானில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு விகிதம். அட்டவணை அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, அவ்வப்போது மாறவும் செய்யும். கணக்குக்காக 600 ரூபாய் ஃபில்டருக்கு 5 சதவீதம் என்று வைப்போம், 30 ரூபாய். 18,000 ரூபாய் போனுக்கு 1 சதவீதம் என்றால் 180. ஒரு போன் ஆறு ஃபில்டருக்குச் சமம், போனே மேல் போலத் தெரியும். ஆனால் போன் வாங்குகிறவர் இருபது வீடியோ பார்ப்பார், பத்து லிங்கை அமுக்குவார், கடைசியில் பண்டிகைத் தள்ளுபடி நாளில் நேராக ஆப்பைத் திறந்து வாங்கிவிடுவார். அமேசானில் உங்கள் லிங்கை அமுக்கியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் உங்கள் கணக்கில் சேரும். அந்த 24 மணி நேரத்தில் கூடையில் போட்டு வைத்த பொருளென்றால் 90 நாள் வரை செல்லும்.

இந்த விதி போனுக்கு எதிரி, ஃபில்டருக்கு நண்பன். மீன் மயங்கிக் கிடக்கும்போது யாரும் பத்து நாள் யோசிப்பதில்லை, அன்றைக்கே வாங்குவார்கள். வாங்கும்போது மருந்து, தீனி, ஓஸ் பைப் எல்லாம் கூடையில் ஏறும், கூடவே வீட்டுக்கு வேண்டிய வேறு சாமானும் ஏறும். அந்த நேரத்தில் வாங்கிய தகுதியுள்ள பொருள்கள் எல்லாவற்றுக்கும் உங்களுக்குக் கமிஷன் உண்டு. என் அபிப்பிராயம், புதியவருக்கு 400 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள பொருள்கள் சரி. அதற்குக் கீழே உழைப்புக்குக் காசு வராது, அதற்கு மேலே வாங்குகிறவர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார்.

பொருளின் பக்கத்தில் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். ஒரே குறை பத்துப் பேர் வாயில் வந்தால் அது உண்மை. விமர்சனங்கள் இதே பொருளுக்குத்தானா என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் பல ரகங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள், நல்ல பெயர் ஒன்றுக்கும் கெட்ட சரக்கு இன்னொன்றுக்கும் இருக்கும். விற்பவர் யார், திருப்பி எடுப்பார்களா என்பது அடுத்தது. பின்கோடு மாற்றிப் பார்ப்பதைப் பலர் செய்வதில்லை. 600011 போட்டால் நாளைக்கே வரும் என்று காட்டும். ஒரு சின்ன ஊர்ப் பின்கோடு போட்டால் டெலிவரியே இல்லை என்று வரலாம். உங்கள் வாடிக்கையாளர் அந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறார்.

தண்ணீருக்குள் போடும் கரண்டுப் பொருள், குழந்தை பொம்மை, ஹெல்மெட் போன்றவற்றில் இன்னும் கறாராக இருங்கள். பொம்மைக்கும் டூவீலர் ஹெல்மெட்டுக்கும் 2021 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததற்கு லிங்க் போடவே கூடாது.

முடிந்தவரை பொருளைக் கையில் வாங்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் காசு போட்டு வாங்க முடியாதுதான். தெரிந்தவரிடம் இருந்தால் ஒரு வாரம் இரவல் வாங்குங்கள், கடையில் அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். கையில் பார்க்காததைப் பற்றிச் சொல்வதென்றால் “நான் பயன்படுத்தியதில்லை, விவரங்களைப் பார்த்துச் சொல்கிறேன்” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: உங்கள் சொந்த அமேசான் லிங்கில் நீங்களே வாங்கினால் கமிஷன் கிடையாது. மச்சானை வாங்கச் சொல்லிக் குறுக்கு வழி போனால் கணக்கை மூடிவிடுவார்கள்.

எந்தத் திட்டத்தில் சேர்வது

அமேசானில் சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது ஆக வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பத்தை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் பத்துப் பதினைந்து நல்ல வீடியோவோ கட்டுரையோ போட்ட பிறகு சேருங்கள். லிங்க் போடும் சேனல், தளம் எல்லாவற்றையும் உங்கள் கணக்கில் பதிய வேண்டும். பொருளின் விலையை நீங்களாக எழுதி வைக்காதீர்கள். விலை மாறிக்கொண்டே இருக்கும், அவர்கள் விதியும் அதை அனுமதிப்பதில்லை. “ஆயிரத்துக்குள்” என்று வாயால் சொல்லும்போதும் எந்த மாதத்து விலை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

பல கடைகளின் லிங்க் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் எர்ன்கரோ, க்யூலிங்க்ஸ் போன்ற இடைத்தரகர் தளங்கள் உண்டு. யூடியூபில் ஓரளவு சந்தாதாரர் சேர்ந்த பிறகு, 2024 அக்டோபரில் ஃபிளிப்கார்ட், மிந்த்ராவோடு இந்தியாவில் தொடங்கிய யூடியூப் ஷாப்பிங்கையும் பார்க்கலாம்.

தெருமுனைக் கடையையும் மறக்க வேண்டாம். மீனையும் தொட்டியையும் லிங்கில் விற்க முடியாது என்றேன் அல்லவா? கொளத்தூரில் உங்களுக்குப் பழக்கமான கடைக்காரரிடம் பேசி, “இந்த சேனலைப் பார்த்து வந்தேன் என்றால் 5 சதவீதம் தள்ளுபடி, எனக்கு ஆளுக்கு இவ்வளவு” என்று ஒரு கோட் வார்த்தை வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பச் சொல்லுங்கள். சென்னைப் பார்வையாளருக்கு இதுவே ஆன்லைனைவிட நல்ல வழி.

சேர்வதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். “முதல்ல எட்டாயிரம் கட்டி கோர்ஸ் வாங்கு, அப்புறம் அதே கோர்ஸை நாலு பேருக்கு வித்தா கமிஷன்” என்று ஓட்டல் ஹாலில் கோட் போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள் விற்பது நம்மைத்தான். நல்ல திட்டம் எதிலும் சேர்க்கைக் கட்டணம் கிடையாது.

சொல்லிவிட்டு விற்கவும், வரிக்கணக்கும்

கமிஷன் வரும் என்பதை மறைக்கக் கூடாது. மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியின்படி விளம்பரத் தொடர்பை எளிய மொழியில், கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். பொய்யான பரிந்துரைக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பயப்பட ஒன்றுமில்லை. வீடியோ தொடக்கத்திலும் லிங்குக்கு மேலேயும் “இந்த லிங்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது” என்று ஒரு வரி. விளக்கக் குறிப்பின் அடியில், ‘மேலும் காட்டு’ என்பதற்குள் ஒளித்து வைத்தால் சொன்னதாக ஆகாது.

கமிஷன் பணத்துக்கு டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். முன்பு 5 சதவீதம், 2024 அக்டோபர் முதல் 2 சதவீதம். பான் எண் சரியாகக் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள், ஆகவே பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கலாம்.

முதல் மூன்று மாதம்

எட்டுப் பத்துப் பொருளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனி டிராக்கிங் ஐடி (லிங்கில் சேரும் அடையாளக் குறி) வைத்தால் எந்த வீடியோவிலிருந்து எது விற்றது என்று தெரியும். கிளிக்கே வரவில்லை என்றால் தலைப்பையோ கேள்வியையோ மாற்றிப் பாருங்கள். கிளிக் வந்து விற்பனை ஆகவில்லை என்றால் பொருளில்தான் கோளாறு: விலை ஏறியிருக்கும், ஸ்டாக் இருக்காது, மோசமான புது விமர்சனம் மேலே வந்திருக்கும். விற்றும் திரும்பி வந்தால் அந்தக் கமிஷனும் போய்விடும். இரண்டு மூன்று தடவை திரும்பி வந்த பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், வீடியோவில் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

பருவத்தையும் பார்த்து வையுங்கள். பேட்டரி பம்பு வீடியோவை மே மாதம் போட்டால் தாமதம், மார்ச்சிலேயே போட வேண்டும். கேரமும் பந்தும் பள்ளித் தேர்வு முடிவதற்குள். மழைக்கால சாமான்கள் செப்டம்பரில். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டெலிவரியே தடுமாறும். மாதத்தின் முதல் ஞாயிறு பழைய லிங்குகளை எல்லாம் ஒருமுறை அமுக்கிப் பார்த்து, செத்த லிங்குக்குப் பதில் அதே அளவு, அதே வேலை செய்யும் வேறு பொருளை மாற்றிப் போடுங்கள்.